பின்னால் தெரிந்த ஏசி

“அந்த ஏசியாலதாம்மா எல்லாம் போச்சு” என்ற குரல் கேட்டு நிமிர்ந்தேன். மெட்ரோவில் பெண்கள் பெட்டி. எதிரே ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும். டெல்லியில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்று சத்தமாகவே பேசினார்கள். நானும் புரியாதவள் போல உட்கார்ந்திருந்தேன்.

“ஏசி என்னாடி பண்ணுச்சு?”

“ஸ்காலர்ஷிப்புக்கு வீடியோவுல இன்டர்வியூ எடுத்தாங்கல்ல? எனக்குப் பின்னாடி ஏசி, பெரிய புக் ஷெல்ஃப் எல்லாம் தெரிஞ்சுச்சாம். வசதியான வீட்டுப் பொண்ணுன்னு தள்ளிட்டாங்க.”

“அது நான் வேலை செய்யற வீடுன்னு சொல்றதுதானே?”

“வீட்டப் பத்தி ஒண்ணுமே கேக்கலம்மா. கம்ப்யூட்டர் பத்திதான் கேட்டாங்க. எல்லாத்துக்கும் டக்கு டக்குனு சொன்னேன்.”

“நாம இருந்த குடிச கேம்ப்ப இடிச்சு, ஊருக்கு ஒதுக்குப்புறமா நரேலாவுல கொண்டுபோய் போட்டாங்க. அங்க நெட்டு நிக்க மாட்டேங்குதுன்னுதானே மேடத்துக்கிட்ட கெஞ்சி அந்த ரூம வாங்கினேன்? போன் போட்டுச் சொல்லேன்டி.”

“சொல்லிட்டேம்மா. முடிஞ்சது முடிஞ்சதுதானாம்.”

“சரி, அடுத்த வருஷம் கேக்கலாம்.”

“ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்களுக்கு மட்டும்தாம்மா அது.”

பிறகு அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னாள்:

“அன்னிக்கு அந்த ஷெல்ஃப ரெண்டு தடவ துடைச்சேன். உனக்குப் பின்னாடி பளிச்சுனு தெரியட்டும்னு.”

“தெரிஞ்சுதும்மா” என்றாள் மகள்.