இரண்டாவது மூக்கு

அதிகாலை மூன்று நாற்பது. விமானத்தள ஓடுபாதைக்குப் பின்னால், யூக்கலிப்டஸ் தோப்புக்குள் நுழையும் மண் சாலை. இரண்டு கிலோமீட்டர்... ஒரு விளக்குகூடக் கிடையாது. திரவ ஆக்சிஜன் கொட்டகையை ஆள் நடமாட்டத்தில் கட்டமாட்டார்கள். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், கூரை எல்லை தாண்டிக் கம்போடியாவில் போய் விழும்.

அந்தச் சாலையில் மோட்டார்சைக்கிளில் போனவர் தாவோன். என் கூட்டாளி சலெர்முடைய மைத்துனர். விமானப்படை சார்ஜண்ட். வேலை... மோந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள். விமானிகள் முகமூடிக்குள் இழுக்கப்போகும் ஆக்சிஜனைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஆவியாகவிட்டு, முகர்ந்து, பதிவேட்டில் 'மணமில்லை' என்று எழுதவேண்டும். கருவிகள் ஆயிரம் இருந்தாலும் கடைசியில் மூக்குதான். அதுவும் இரண்டு பேர் மூக்கு, இரண்டு கையெழுத்து.

தாவோனின் மூக்கு லேசுப்பட்டதில்லை. வாயிற்காவலன் முந்தாநாள் தின்ற பப்பாளிச் சாலட்டில் எத்தனை மிளகாய் என்று சொல்லிவிடும். ஆனால் அந்த மூக்குக்கு ஒரு சனியன்... யாதோம். புதினாவும் கற்பூரமும் அடைத்த விரல்நீளக் குழல். இந்த நாட்டில் அது இல்லாத சட்டைப்பை கிடையாது. மற்றவர்கள் எடுத்து உறிஞ்சுவார்கள். தாவோன் மூக்கில் செருகியே வைத்திருப்பார். கொட்டகைக்குள் அது கூடாது, புதினா மற்ற வாடையைக் கொன்றுவிடும்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், எடுக்க மறந்தார். மோந்தார். புதினாதான் மணத்தது. 'மணமில்லை' என்று எழுதினார். இரண்டாவது ஆள் அவரை நம்பி, மோந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஆறரை மணிக்கு கிரித்சதா என்ற விமானி மேலே போனான். "முகமூடிக்குள்ள ஏதோ வாடை..." என்று வானொலியில் சொன்னான். அவ்வளவுதான். விமானம் மூக்குக் குத்தி நெல்வயலில் விழுந்தது, ஆள் மிஞ்சவில்லை. விசாரணை நடந்தது. பதிவேட்டில் 'மணமில்லை' என்று இருந்ததால் தாவோனை யாரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

தாவோன் மண் சாலையில் போன அன்றைக்கும் அதே தேதி.

கொட்டகைக்குள் நுழைந்ததும் பயம் வந்தது. பயம் வந்தால் கை குழலுக்குத்தானே போகும்... செருகிக்கொண்டார். இரண்டாவது கையெழுத்துக்காரி நொய் வருவாள், அவள் மூக்கு போதும் என்று நினைத்துக்கொண்டு திரவத்தை ஊற்றினார். வெண்பனி பொங்கித் தரையெல்லாம் பரவியது. முழங்கால்வரைக்கும்.

கதவு திறந்தது. கொட்டகையில் எல்லோரும் மாட்டும் கண்ணாடித் தட்டி முகத்தை மறைத்த உருவம்.

"இன்னிக்காவது நேரத்தோட வந்தியே நொய். மோந்து பாரு, எனக்குச் சளி."

உருவம் கதவருகிலேயே நின்றது.

"பேச்சே காணோம். வாயில என்ன, ஒட்டரிசிச் சோறா?"

உருவம் வந்தது. காலடிச் சத்தம் இல்லை. பனிக்குள் கால் இருந்ததா என்று கேட்காதீர்கள், தாவோனும் பார்க்கவில்லை. குவளையை எடுத்தது. வெறுங்கை. அந்தக் குளிரில் தோல் கண்ணாடியோடு ஒட்டி உரியவேண்டும்... உரியவில்லை.

இரண்டு இழுப்பு. ஸ்ஸ்... க்ளக். ஸ்ஸ்... க்ளக்.

அது மூக்கு இழுக்கும் சத்தமில்லை. விமானி முகமூடியின் வால்வுச் சத்தம்.

பிறகு குவளையை வைத்துவிட்டுத் தாவோன் முகத்தருகே குனிந்தது. ஸ்ஸ்... க்ளக். ஸ்ஸ்... க்ளக். புதினாவைத் துளைத்துக்கொண்டு அவர் மூக்கில் ஏறியது... வயல் சேறு. கருகிய ரப்பர்.

பேனா காகிதத்தில் கீறியது. கதவு சாத்திக்கொண்டது.

எவ்வளவு நேரம் நின்றாரோ. வெளியே வண்டிச் சத்தம். நொய் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"திட்டாதீங்கண்ணே. டயர் பஞ்சர், பாதி வழி தள்ளிக்கிட்டு வந்தேன்." பதிவேட்டைப் பார்த்தாள். "என்னண்ணே, ரெண்டாவது மூக்கு எனக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிருக்கு?"

படித்தாள்.

"'காற்று: மணமில்லை. முகர்ந்தவர்: புதினா மணம்.'" குரல் இறங்கியது. "கிரித்சதான்னு கையெழுத்து... அண்ணே, அன்னிக்கு உங்க மூக்குல அது இருந்துச்சா?"

தாவோன் மூக்கிலிருந்து குழலை இழுத்தார். நுனியில் சேறு.

பதிவேட்டில் மை இன்னும் காயவில்லை. பக்கத்தில் போட்டிருந்த தேதி மட்டும் போன வருஷத்துத் தேதி.