பொம்மைக்கு வந்த மச்சம்

ரவாங்கிலிருந்து வரும் கொம்யூட்டர் ரயிலில் ஒட்டுக்கேட்பதற்கென்றே எனக்கு இரண்டு காதுகள். எதிரே ஒரு கணவன் மனைவி. கணவரின் மடியில், டிவி தொடரில் வரும் பெண் இன்ஸ்பெக்டரின் பொம்மை. அவரே புதிதாகப் பெயிண்ட் அடித்தது.

“டிவியில அவளுக்கு மச்சமே இல்ல. உங்க பொம்மைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

“பெயிண்ட் ஒரு சொட்டு விழுந்துருச்சு லா.”

“கரெக்டா உங்க ஆபீஸ் ஷாலினிக்கு இருக்கற இடத்துலயா?”

“பொம்மைகிட்டப் போயி பொறாமையா?”

“வீட்டுக்குப் போனதும் அழிச்சிருங்க.”

“தின்னர் வெச்சுத் தொடச்சா முகமே போயிடும்மா. மூணு வாரமா பாத்துப் பாத்து வரைஞ்சது.”

“யாரப் பாத்து?”

அவர் பொம்மையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அடுத்த ஸ்டேஷன்வரை நானும் கண்ணை மூடிக்கொண்டேன், காதை அல்ல.