ராத்திரி ரத்தம்

ராத்திரி பத்தரை மணி. உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற சாலை... இரண்டு பக்கமும் பனை, நடுவில் ஒரே ஒரு சைக்கிள். ஓட்டிப் போகிறவன் சுஐபு. இங்கே நம்மோடு கதை கேட்கப் படுத்திருக்கிற பாக்கருக்குச் சொந்த மச்சான். சந்தேகமிருந்தால் பாக்கரையே கேளுங்கள், பயந்துபோய் அந்த மூலையில் போர்வைக்குள்தான் இருக்கிறான்.

வருஷம் எண்பத்து மூன்று. சுஐபுக்கு யானைக்கால் தடுப்பு ஆபீசில் தற்காலிக வேலை. ஊர் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டி, விரலில் ஊசி குத்தி, கண்ணாடி சிலைடில் ரத்தம் தடவிக்கொண்டு வரவேண்டும். பகலில் எடுத்துப் பிரயோஜனமில்லை. யானைக்கால் புழு பகலெல்லாம் நுரையீரல் பக்கம் பதுங்கிக் கிடந்து, ராத்திரிதான் விரல் நுனிவரை உலாத்த வரும். அந்த ஆபீசில் நேரம் தவறாமல் டூட்டிக்கு வந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. "ரத்தக் காட்டேறி வந்துட்டான்டோய்" என்று ஒருத்தர் பாயில் படுத்தபடியே அறிவித்தார். கடற்கரையோரம் ஒரு ஓலைக் குடிசை மட்டும் திறந்து கிடந்தது. வாசலில் ஒரு பொம்பிளை, பக்கத்தில் சின்னப் பெண்பிள்ளை. விளக்கு இல்லை. இவன் வாயைத் திறக்குமுன் இரண்டு பேரும் கையை நீட்டினார்கள்.

அழுகிய பாசி வாடை... பொம்பிளையின் விரல் ஐஸ்பெட்டிக்குள் கிடந்தது போல் ஜில்லென்றிருந்தது. குத்தினான். தடவினான். பிள்ளை மட்டும் கையை இழுத்துக்கொண்டது.

"மொதல்ல நீங்க குத்திக் காட்டுங்க மாமா."

பயந்த பிள்ளைக்கு அப்படிக் காட்டுவது அவர்கள் தொழிலில் வழக்கம்தான். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுக் காட்டவேண்டும், அவ்வளவுதான். பாட்டில் காலி. சுஐபு பொம்பிளையைக் குத்திய அதே ஊசியைச் சட்டை நுனியில் துடைத்தான். தன் விரலில் குத்திக்கொண்டான். பிள்ளை எட்டி அந்தத் துளியைப் பார்த்தது. பிறகு பொம்பிளையைப் பார்த்தது. இரண்டு பேரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்... பிள்ளைக்கு ஊசி குத்தவே இல்லை.

மறுநாள் குருநாதன் சார், ஆபீசில் மைக்ராஸ்கோப் பார்க்கிறவர், சிலைடைத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் போட்டு, கண்ணை வைத்தார்.

"ஏலே சுஐபு, மீன் ரத்தத்தத் தடவிக் கொண்டாந்து என்னய ஏமாத்துறியா?"

"அல்லா மேல சத்தியமா மனுச ரத்தம் சார்!"

"மனுச ரத்தம்னா தண்ணியில முக்குனதும் செவப்பணு கரைஞ்சுரும். வெள்ளையணுவோட கரு மட்டும் அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு நிக்கும். இதப் பாரு, கடுகக் கொட்டுனாப்புல! மீனுக்கும் கோழிக்கும்தான்டா செவப்பணுவுக்குள்ளயும் கரு இருக்கும்."

சுஐபு பார்த்தான். நீலக் கடுகு... இடைவெளியே இல்லாமல். அவனுக்கு வேலை போகிற பயம் வரவில்லை. விரலைத்தான் பார்த்தான். ஊசி விஷயத்தைச் சொன்னான்.

சார் சிரித்தார். அங்கேயே அவன் விரலில் குத்தி, அதையும் சாயம் போட்டுப் பார்த்தார். சுத்தம்.

"நீ மனுசன்தான்டா. எம் பொண்டாட்டி என்னயப் பத்தி அம்புட்டு உறுதியாச் சொல்லமாட்டா."

"சார்... இது பகல் ரத்தம்."

சார் சிரிப்பை நிறுத்தினார்.

பொழுது விழட்டும் என்று இரண்டு பேரும் ஆபீசிலேயே கிடந்தார்கள். சுஐபு தெரிந்ததையெல்லாம் ஓதினான். சார் தெரியாத சாமியையும் சேர்த்துக் கும்பிட்டார். எல்லோரும் போய், தெரு அடங்கி, ஜன்னலில் கடல்காற்று மோதத் தொடங்கிய பிறகு சுஐபு விரலை நீட்டினான். துளி வந்தது. சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் அறைக்குள் பாசி வாடை...

சிலைடு காய்ந்தது. ஊறியது. சாயம் ஏறியது. சார் கண்ணை வைத்தார். திருகைத் திருகினார். கர்க்... கர்க்... நின்றது.

நேற்றைய சிலைடை எடுத்து, இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்தார்.

"என்ன சார்?"

"கொஞ்சம் வெளிய நில்லுங்க தம்பி."

அவர் சுஐபுவை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

சுஐபு வெளியே வந்தான். பின்னால் கதவு மெள்ளச் சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு... இரும்பு மேசையைத் தரையோடு இழுத்து வந்து, கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம்.