மஞ்சள் சுவரும் தண்ணித் தொட்டியும்

படகுக்காரர்: என் படகுக்கும் உன் சுவருக்கும் என்ன சம்பந்தம்னு நல்லா கேட்ட போ! உன் வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் இந்த ஊருக்குள்ளயே வர முடியும். தெரியாதா உனக்கு?

தையல்காரி: நான் துணி தைக்கிறவ அண்ணே. எனக்கு ஊசிக் காது தெரிஞ்சா போதும்.

படகுக்காரர்: கிண்டலா? கேளு. கடல்ல இருந்து வரும்போது உன் மாடியோட மஞ்சள் சுவர் தெரியணும். அதுக்கு நேர் மேல, குன்றுல இருக்கிற தண்ணித் தொட்டி நிக்கணும். அப்பதான் அடியில ஆழம். தொட்டி ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் விலகினா பாறை. மீன் சந்தைப் பக்கம் விலகினா மணல் திட்டு.

தையல்காரி: காலையில எந்தப் பக்கம் விலகிச்சு?

படகுக்காரர்: ...பாறைப் பக்கம். லேசா உரசிச்சு.

தையல்காரி: லேசாவா? மீன்காரம்மா கூடையோட கடல்ல விழுந்தாங்களாமே.

படகுக்காரர்: கூடை மட்டும்தான் விழுந்துச்சு. ஊரு ஒண்ணுன்னா ஒம்பதுன்னு சொல்லும்.

தையல்காரி: சரி, எங்கிட்ட என்ன வேணும்?

படகுக்காரர்: துறைமுக ஆபீஸ்ல நாளைக்கு விசாரணை. சுவருக்குப் பச்சை அடிச்சதாலதான் அடையாளம் தப்பிப்போச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா படகைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் நான் கரையில உக்காந்து என்ன, ஈ ஓட்டவா?

தையல்காரி: நான் பச்சை பெயிண்ட் வாங்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்?

படகுக்காரர்: டப்பாவே என் படகுலதானே வந்துச்சு!

தையல்காரி: அப்ப வாசலுக்கு வந்து அண்ணாந்து பாருங்க. நிறம் எப்படி?

படகுக்காரர்: நிறத்துக்கு என்ன... பச்சைப்பசேல்னு இருக்கு. ஆனா...

தையல்காரி: ஜன்னலுக்குக் கீழயும் நல்லா பிடிச்சிருக்கா?

படகுக்காரர்: ஒரே சீரா இருக்கு. நல்ல வேலைக்காரன்தான். அதான் சொல்றேன், காலையில பார்க்கிறேன்... மஞ்சளே இல்ல!

தையல்காரி: கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி அண்ணி...

படகுக்காரர்: அவளுக்கு வேற வேலை இல்ல. என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?

தையல்காரி: என் மக உங்க படகுலதான் தினமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போறா, அண்ணே.

படகுக்காரர்: அதுக்குத்தானே சொல்றேன்! நீ சாட்சி சொன்னா நானே பத்திரமா கூட்டிட்டுப் போவேன்... என்னம்மா? சொல்லுவியா?

தையல்காரி: பெயிண்ட் அடிக்கிறவன் அடுத்த வாரம்தான் வர்றான் அண்ணே. டப்பாவை இன்னும் திறக்கவே இல்ல.