பத்தொன்பது நொடியில் ஒரு குற்றவாளி

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் நாடித் துடிப்பைத் தூரத்தில் இருந்தே எண்ணிவிடக்கூடிய மருத்துவர் அம்மா அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என்னை வானளாவப் புகழ்ந்து, அந்த உயரத்திலேயே தொங்கவிட்டுப் போன நலச்சங்கத்தின் பொருளாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! இடம் கிடைக்காவிட்டாலும் நின்றாவது கேட்போம் என்று சுவரோரம் சாய்ந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மடியை விடக் கையையே அதிகம் பார்க்கிறீர்களே, தாய்மார்களே! சிரிக்காதீர்கள் அய்யா, உங்கள் வீட்டம்மாவை மட்டும் சொல்லவில்லை, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அத்தனை பேருக்கும் இந்தத் தையல்காரனின் தலை தாழ்ந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'செய்தி வெள்ளத்தில் நாம்'. நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அடுக்குமொழி என்ன, எதுகை மோனை என்ன, நீங்கள் கைதட்டுவதற்கு நடுநடுவே விட்டிருந்த இடைவெளி என்ன! இன்று காலை என் மனைவி அந்த நான்கு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தாள். படித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நீங்க எங்கங்க இருக்கீங்க?"

ஆடிப்போய்விட்டேன். ஊரையெல்லாம் திட்டியிருந்தேன், உலகத்தையெல்லாம் திட்டியிருந்தேன், என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தத் தாள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆகையால் இது எழுதாத பேச்சு. மைக் அண்ணே, நான் தடுமாறினாலும் சத்தத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் நம் தெருவில் பதினோரு வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். மருத்துவர் அம்மாவின் மருத்துவமனையில் உட்கார நாற்காலி இல்லை. தண்ணீரில்தான் கோளாறு என்று குடிநீர் அலுவலகத்துக்கு எழுதியவரும் அவர்தான். அலுவலகம் யாரை அனுப்பியது? நாம் எல்லோரும் 'குழாயண்ணன்' என்று கூப்பிடுவோமே, அவரை அனுப்பியது. இருபத்திரண்டு வருடமாக நம் தெருவின் மண்ணுக்கு அடியில் எது எங்கே ஓடுகிறது என்று தெரிந்த ஒரே மனிதர்.

அவருடைய வேலைமுறை என்ன தெரியுமா? எனக்கும் அன்று தெரியாது, இன்று தெரியும். கழிவுநீர்க் குழியைத் திறந்து பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். குடிநீர்க் குழாயில் பச்சை வந்தால், கழிவுநீர் எங்கோ உள்ளே புகுகிறது என்று பொருள். எந்த வீட்டில் முதலில் வருகிறதோ, அந்த வீட்டுப் பக்கம் உடைப்பு. சாயத்தால் ஒரு தீங்கும் இல்லை. தீங்கெல்லாம் அந்தச் சாயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற தண்ணீரில்தான்.

குழாயண்ணன் குழியைத் திறந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எதற்கு? வண்டி வருகிறதா என்று பார்த்தார் அய்யா! நடுத்தெருவில் குனிகிறவன் பார்க்க மாட்டானா? பார்த்துவிட்டு ஊற்றினார். இதை யாரோ ஒருவர் ஏதோ ஒரு மாடியில் நின்று படம் பிடித்தார். பத்தொன்பது நொடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன், பத்தொன்பதே நொடி. அதன் கீழே எழுதியிருந்தது: 'திருட்டு முழி முழிக்கிறான் பாருங்கள்! குடிநீரில் விஷம் கலக்கும் கயவன்!'

எழுதியது யார்? இன்றுவரை தெரியாது. எனக்கு அனுப்பியது யார்? என் மைத்துனர். அவர் இருப்பது எங்கே? எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால்! நம் தெருவை ஒருநாளும் மிதிக்காத மனிதர், நம் தெருவில் விஷம் என்று எனக்குச் சொல்கிறார். நானும் கடைவாசலுக்கு வந்து எட்டிக்கூடப் பார்க்காமல், நம் தெருவின் செல்போன் குழுவில், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில், அதைப் போட்டேன். சும்மா போட்டேனா? நான் மேடைப் பேச்சாளன் ஆயிற்றே! என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். 'நேரில் பார்த்தவர்கள் உறுதி செய்கிறார்கள். உடனே பகிருங்கள்.'

யார் அந்த நேரில் பார்த்தவர்கள்? ஒருவரும் இல்லை! நான் மிஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அரைமணி நேரத்தில் குழாய்களில் பச்சை வந்தது. குழாயண்ணனுக்குப் பகீரென்றது. பதினோரு வீட்டு நோய்க்கும் காரணம் கண்முன்னால் ஒழுகுகிறது. ஒவ்வொரு வீட்டு எண்ணாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, வாசல் வாசலாக ஓடிக் கத்தினார். "தண்ணியக் குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க! புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்கம்மா!"

நம் மக்கள் என்ன சொன்னார்கள்? "பாத்தியா, பாத்தியா! அவனே ஒத்துக்கறான்!"

அய்யோ! காப்பாற்றக் கத்திய கத்தலே அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிட்டது. கணக்கு வாத்தியார் அடித்தார். கூரியர்காரர் அடித்தார். ஒருநாளும் எறும்பைக்கூட மிதிக்காத மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றி அடித்தார். தலை குனியாதீர்கள் மருந்துக்கடை அண்ணே, உங்களை மாட்டிவிட நான் இங்கே வரவில்லை. நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. கை வைக்காமல் அடிக்கிற வித்தை தெரிந்தவன் நான். அன்று விழுந்த அத்தனை அடியும் என் ஒரு வரியில் இருந்துதான் விழுந்தது.

தாடை உடைந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. அவர் எழுதிய குறிப்பேட்டைக் கிழித்து, அதே கழிவுநீர்க் குழியில் போட்டு, மூடியையும் மூடிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் விவாதம். நான்கு கட்டத்துக்குள் நான்கு தலை. ஒருவர் சதி என்றார். ஒருவர் சதிக்குள் சதி என்றார். ஒருவர், 'நான் பேசும்போது குறுக்கிடாதீர்கள்' என்பதை மட்டுமே முக்கால் மணி நேரம் பேசினார். குழாயைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்களா? இல்லை! யாரைக் கூப்பிட்டார்கள்? தையல்காரனைக் கூப்பிட்டார்கள்! நானும் தலையைப் படிய வாரிக்கொண்டு போய் உட்கார்ந்து, "என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்றேன். பார்த்தது செல்போனை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் குடிநீர் அலுவலகம் சொன்னது, அது சாயம்தான் என்று. நம்பினோமா? 'மூடி மறைக்கிறார்கள்' என்று எழுதினோம். மருத்துவர் அம்மா, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று குழுவில் எழுதினார். படித்தோமா? அதற்கு மேலே நாற்பது காலை வணக்கப் பூக்கள் விழுந்து மூடிவிட்டன. 'பச்சை போயிடுச்சு, தண்ணி தெளிஞ்சிடுச்சு, இனிமே என்ன பயம்' என்று நமக்கு நாமே தைரியம் சொல்லிக்கொண்டோம். பழுதுபார்க்க வந்த வேறு ஆட்களைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினோம். எட்டு நாள்! எட்டு நாள் நாம் குடித்தது என்ன? வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது. இன்னும் இருபத்து மூன்று பேர் படுத்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

அரசு மருத்துவமனையில் அவளுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம், பக்கத்து வார்டில் இருந்து ஒரு அம்மா வந்து ஒரு பாட்டிலை நீட்டியிருக்கிறார். "காய்ச்சி ஆறவெச்ச தண்ணிக்கா. வராண்டாக் குழாய்ல பிடிச்சுக் குடிச்சிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் வாயைத் தொறக்க முடியாமப் படுத்திருக்காரு. ஆனாலும் சிலேட்டுல எழுதி எழுதி இதையேதான் சொல்லச் சொல்றாரு." என் மனைவி குடித்திருக்கிறாள். குடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா, "குழாய் வேலை. அடிச்சுட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் மாத்திரையோடு வந்து நின்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எந்த மேடையிலும் என்னால் விவரிக்க முடியாது.

ஒன்பதாம் நாள் அதே சிலேட்டில் அலுவலக ஆட்களுக்கு எழுதிக் காட்டினார் குழாயண்ணன். 'ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர், நடுவில் தோண்டு.' குறிப்பேடு போனாலும் அவர் தலைக்குள் இருந்தது. இத்தனை பேர் படுத்த பிறகு நாமும் மறிக்கவில்லை, தோண்டினார்கள். அங்கேதான் உடைப்பு. கைதட்டாதீர்கள்! தயவுசெய்து கைதட்டாதீர்கள். நாம் அடித்தோம், அவர் காப்பாற்றினார். இதில் நமக்குக் கைதட்டல் எதற்கு?

இத்தோடு முடிந்ததா? முடியவில்லை. நாளை மறுநாள் காலை பத்து மணிக்குக் குடிநீர் அலுவலகத்தில் குழாயண்ணன் மீது விசாரணை. விசாரணையில் இருக்கிறது ஒரே ஒரு கேள்வி. சாயம் ஊற்றுவதற்கு முந்தின நாள் தெருவுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கொடுத்தாரா, இல்லையா? கொடுக்கவில்லை என்றால் தெரு கலவரமானதற்கு அவரே பொறுப்பு. இருபத்திரண்டு வருட வேலை போய்விடும்.

கொடுத்தேன் என்கிறார் அவர். யாரிடம்? நலச்சங்கச் செயலாளரிடம். செயலாளர் யார்? உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, நான்! அதிகாரி என்னிடம் போனில் கேட்டார். "இல்ல சார், அப்படி ஒண்ணும் என் கைக்கு வரல" என்றேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

மூன்று நாளுக்கு முன்னால், உடம்பு தேறி வந்த என் மனைவி கடையைக் கூட்டினாள். வெட்டிய துணித் துண்டுகளை எல்லாம் அள்ளும்போது ஊசி குத்தியிருக்கிறது. ஒரு துண்டில் குண்டூசியால் குத்திய காகிதம். எங்கள் தொழிலில் இது வழக்கம், உங்களுக்குத் தெரியும். கையில் கிடைக்கிற தாளின் பின்பக்கத்தில் அளவை எழுதித் துணியோடு குத்திவிடுவோம். தோள் பதினெட்டு, மார்பு நாற்பத்திரண்டு, கை இருபத்து நாலு. பொருளாளர் அவர்களே, உங்கள் அளவுதான். நீங்கள் இப்போது போட்டிருக்கிற சட்டைதான்.

அவள் தாளைத் திருப்பினாள். திருப்பியதும், "ஏங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. படிக்கிறேன். 'நாளை காலை கழிவுநீர்க் குழியில் சாயம் ஊற்றிச் சோதனை நடைபெறும். குழாயில் பச்சை நிறம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். உடனே என்னை அழைக்கவும்.' கீழே அவர் கையெழுத்து, தேதி, போன் நம்பர். "குரூப்ல போட்டுடுங்கண்ணே" என்று அவர் கொடுத்ததும், "போட்டுடறேன்பா" என்று நான் வாங்கியதும் அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. பொருளாளர் அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தார். கையில் தாள் இருந்தது. திருப்பினேன், எழுதினேன், குத்தினேன், மறந்தேன்.

யார் எழுதியது என்றே தெரியாத பொய்யை, பார்த்த மாத்திரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு என் கையிலேயே கொடுத்த உண்மையை ஒருவருக்கும் அனுப்பவில்லை!

என்ன அங்கே? "மூணு நாளா ஏன் வாயத் தொறக்கல"யா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். பயம் அய்யா! செயலாளர் பதவி போகும், மேடை போகும், கடைக்கு வருகிறவர்கள் முகத்தில் காறித் துப்புவார்கள் என்ற பயம். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் இல்லை, ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

மருத்துவர் அம்மா, கையை நீட்டுங்கள். அவை அறிய இதை உங்களிடம் கொடுக்கிறேன். நாளை மறுநாள் பத்து மணிக்கு நான் விசாரணையில் நிற்பேன். அதுவரை இந்தக் காகிதம் என்னிடம் இருக்க வேண்டாம். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. செயலாளர் பதவியையும் இந்த நிமிடமே விட்டுவிடுகிறேன்.

இப்போதுதான் கவனிக்கிறேன், நாலாவது வரிசையில் இருந்து கடைசி வரிசை வரைக்கும் செல்போன்கள் உயர்ந்து நிற்கின்றன. படம் பிடிக்கிறீர்களா? பிடியுங்கள். மறைக்க மாட்டேன். 'முழுசா அனுப்புங்க, வெட்டி அனுப்பாதீங்க' என்று நான் கேட்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? கேட்க மாட்டேன். வெட்டுங்கள்! என் பயத்தை வெட்டுங்கள், என் மறதியை வெட்டுங்கள், நான் சொன்ன சாக்குப்போக்கு அத்தனையையும் வெட்டிக் குப்பையில் போடுங்கள். இப்போது நான் சொல்லப்போகிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

குழாயண்ணன் என் கையில் அறிவிப்புக் கொடுத்தார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. பொய் சொன்னவன் நான்.

பிடித்துக்கொண்டீர்களா? என் மைத்துனருக்கும் அனுப்புங்கள், அந்தத் தொலைக்காட்சிக்கும் அனுப்புங்கள். எல்லோருக்கும் முன்னால் குழாயண்ணன் வீட்டுக்கு அனுப்புங்கள். நானே அனுப்பியிருப்பேன். என் நம்பரை அந்த வீட்டில் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் என்னை அடிக்காமல் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி. வணக்கம்.