நேர்ந்த பூட்டு

பெருங்களத்தூரில் ஏறினால் அந்தத் திருத்தலத்துக்கு ஒரே பஸ், மேடம். சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாள் என்றாலும் காலையில் கூட்டம் இருக்காது. உள்ளே யாரும் பேசக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் இல்லாத அமைதி அங்கே இருக்கிறது.

என் வீட்டுக்காரர் யேசுதாசன் குடிப்பார், அடிப்பார். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கே தெரியும். எத்தனை சத்தியம் வாங்கியிருப்பேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? பிரிந்துவிடலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். சாகும்வரை பிரிய மாட்டேன் என்று பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுத்தாயே அம்மா என்றார். நியாயம்தானே.

அந்தத் தலத்தில் குடியை விடவைக்க ஒரு வேண்டுதல் உண்டு. மாதா சிலை இருக்கும் குகையை, கெபி என்போம், அதன் கம்பியில் பூட்டு மாட்டி, சாவியை உண்டியலில் போட்டுவிட வேண்டும். காரியம் நடக்கும்வரை யாரும் அதைத் திறக்கக் கூடாது. நான் கம்பியில் மாட்டவில்லை. அவர் தூங்கும்போது எங்கள் படுக்கையறைக் கதவில் மாட்டினேன்.

அது வியாழக்கிழமை. பட்டினி போடவில்லை மேடம், ஜன்னல் வழியாகச் சோறும் தண்ணீரும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவருக்குக் கை நடுங்கியது. மறுநாள் காலை, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அழுதார்.

“கிறிஸ்டி, பயமா இருக்குடி. கதவத் தொறயேன்.”

அவர் என்னிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான். எங்கே மனசு இளகிவிடுமோ என்று சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சாவியை உண்டியலில் போட்டுவிட்டுச் செல்போனை அணைக்கப் போனேன். பக்கத்து வீட்டு பேபி அக்கா கூப்பிட்டார்.

“அண்ணன் கீழ வுழுந்து இழுத்துக்கினு கெடக்குறாரு கிறிஸ்டி. பூட்ட ஒடைக்கட்டுமா?”

“வேணாங்கா. மாதாவுக்கு நேர்ந்த பூட்டு, ஒடைச்சா உங்க குடும்பத்துக்கும் ஆகாது. குடிப்பேய் போற நேரம், அப்படித்தான் இருக்கும்.”

அக்காவும் விசுவாசி. ஜன்னலுக்கு வெளியே நின்று ஜெபமாலை சொல்லியிருக்கிறார். பாவம், அவர்மேல் வழக்குப் போடாதீர்கள்.

குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிர் போகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலிப்பு வரும், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். அவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில்தான் பூட்டு வாங்கினேன்.

அக்காவிடம் பேசி முடித்ததும் மாதா முன்னால் முழந்தாளிட்டேன். மத்தியானப் பூசை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. சீக்கிரம் முடியட்டும் என்றுதான் கேட்டேன்.