மல்லிகா ஓட்டிக் காட்டிய புரோகிராம்

தொண்ணூறுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கும் இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஒரே கிளாஸ் ஆப்ஜெக்டுன்னா, ஒண்ணு அடுத்ததோட பிரைவேட் ஃபங்ஷனையும் கூப்பிடலாம்னு எங்க பேட்ச் மல்லிகா சொல்லிட்டாடீ!”

“பிராக்டிகல் பரீட்சையிலயா? சி பிளஸ் பிளஸ்ல பிரைவேட் ஃபங்ஷனை அந்தந்த ஆப்ஜெக்டு மட்டுந்தான் கூப்பிடணும்னு சாரு நடத்துனாகளே!”

“அவுகளும் அதத்தான் சொன்னாக. ‘கம்ப்யூட்டர்ல அடிச்சுக் காட்டு, ஓடலைன்னா மார்க்கு கெடையாது’ன்னாக. இவ அடிச்சா. எரரே வரல, ஓடிருச்சு.”

“அய்யய்யோ! சாரு?”

“மறுபடி ஒருக்கா ஓட்டிப் பாத்தாக. பெறகு போர்டுல தான் எழுதியிருந்த ரூலை அவுகளே அழிச்சுட்டு, ‘நீயே சரியா எழுதும்மா’ன்னு சாக்பீஸை நீட்டுனாக.”

“எழுதுனாளா?”

“அம்புட்டுப் பேரு பாக்க எழுதிட்டாடீ.”